முன்பணம் யாருடைய பணம்?

இடமாற்ற ஆணை வந்ததும் வங்கி ஊழியர் வீட்டில் எழும் முதல் கேள்வி பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியது. அடுத்த கேள்வி, குடியேறப்போகும் வீட்டைப் பற்றியது. வங்கிப் பணியின் பொருட்டு ஊர் ஊராக வாடகை வீடுகளில் குடியிருந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். புதிய ஊரில் வாடகை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துவிடலாம். முன்பணம் எவ்வளவு கேட்பார்கள் என்பதைக் கணிக்கவே முடியாது. மதுரையில் ஐந்து மாத வாடகையைக் கேட்டார்கள். தில்லியில் இரண்டு மாதம் போதும் என்றார்கள். பெங்களூரில் பத்து மாதம் என்றார்கள். அது அவ்வூரின் வழக்கம் என்றும் சொன்னார்கள்.

பெங்களூர் வீட்டைக் காலி செய்த நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, பழுதுபார்க்க இன்னொரு மாத வாடகை எனக் கழித்துக்கொண்ட உரிமையாளர், எஞ்சிய தொகையை நான்கு மாதங்களுக்குப் பிறகு இரண்டு காசோலைகளாக அனுப்பினார். வெள்ளையடிக்கும் செலவு குடியிருந்தவரைச் சேர்ந்தது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வாடிக்கையாளர்களின் கடன் ஆவணங்களை வரி வரியாகப் படித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான், என் சொந்த வாடகை ஒப்பந்தத்தின் அந்த வரியைக் காலி செய்யும் நாளில்தான் முதன்முறையாகப் படித்தேன்.

அந்த அனுபவம் கற்பித்த பாடமே இக்கட்டுரையின் பொருள். முன்பணத்திற்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. ஆயினும் அந்த எல்லை நம்மைக் காப்பதும் கைவிடுவதும் முதல் நாளில் நாம் கையொப்பமிடும் தாளைப் பொறுத்தே அமைகிறது.

முன்பணம் என்பது என்ன?

பேச்சு வழக்கில் 'அட்வான்ஸ்' என்கிறோம். அச்சொல்லே ஒரு குழப்பத்திற்கு வித்திடுகிறது. வரப்போகும் மாதத்தின் வாடகையை முன்னதாகவே செலுத்துவது ஒன்று. வாடகை நிலுவைக்கும் வீட்டிற்கு நேரக்கூடிய சேதத்திற்கும் ஈடாக ஒரு தொகையை ஒப்படைத்து வைப்பது வேறொன்று. முன்னது உரிமையாளரின் வருமானம். பின்னது உரிமையாளரின் பொறுப்பில் இருக்கும் குடியிருப்பவரின் பணம். காலி செய்யும் நாளில், நியாயமான பிடித்தங்கள் போக, திருப்பித் தரவேண்டிய கடன் அது. இக்கட்டுரையில் முன்பணம் என்று குறிப்பிடுவது இந்த இரண்டாவது வகையையே.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பல இலட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருக்கும் முறை அது. போக்கியம், ஒத்தி, 'லீசு' எனப் பல பெயர்களில் சென்னையிலும் பெங்களூரிலும் வழங்கிவருகிறது. சொத்தையே ஈடாகக் கொள்ளும் போக்கியத்திற்குப் பதிவு செய்யப்பட்ட ஆவணம் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தை மட்டும் நம்பிப் பெருந்தொகையைக் கொடுப்பது ஆபத்தானது. கீழே கூறப்படும் வரம்புகளை அம்முறையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

சட்டம் வகுத்த எல்லை

நம் அரசமைப்பில் நிலமும் வாடகை உறவும் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. எனவே முன்பணத்திற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒரே வரம்பு இல்லை. 2021 ஆம் ஆண்டு ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகையையும் கடை, அலுவலகம் போன்ற பிற இடங்களுக்கு ஆறு மாத வாடகையையும் மேல் வரம்பாக வைத்தது. ஆயினும் பெயருக்கேற்ப அது ஒரு மாதிரி மட்டுமே. மாநிலச் சட்டமன்றம் அதை ஏற்றுத் தன் சட்டமாக இயற்றினாலன்றி எவரையும் அது கட்டுப்படுத்தாது. 'இனி இரண்டு மாதத்திற்கு மேல் முன்பணம் வாங்கினால் குற்றம்' என்று கைப்பேசிகளில் உலவும் செய்திகள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றன.

உத்தரப் பிரதேசம் 2021 இல் இயற்றிய சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம், பிறவற்றுக்கு ஆறு மாதம் என்ற அதே வரம்பைக் கொண்டுள்ளது. அசாமும் அதே ஆண்டில் மாதிரிச் சட்டத்தின் வழியில் தன் வாடகைச் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு இவற்றுக்கு முன்னரே வேறொரு வடிவில் செயல்பட்டது. 2017 இல் இயற்றப்பட்டு 2019 ஆம் ஆண்டு பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்தது. காலி செய்த ஒரு மாதத்திற்குள் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மாதிரிச் சட்டமோ, வீட்டை ஒப்படைக்கும் அதே நாளில் திருப்பித் தரவேண்டும் என்கிறது.

தலைநகர் தில்லியில் 1958 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்றைய தில்லியில் அந்த வாடகைக்குள் எத்தனை வீடுகள் அகப்படும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு தொடரின் பெரும் விளைவு

தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது சட்டவிரோதம் என்ற விதி, 'மாறான உடன்பாடு இருந்தாலன்றி' என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. அதாவது, ஆறு மாதம் அல்லது பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுவிட்டால், வரம்பு மீறப்பட்டது என்று பின்னர் வாதிடுவது கடினம். சட்டம் நமக்கு அளித்த பாதுகாப்பை நம் கையொப்பமே விலக்கிவிடுகிறது. உத்தரப் பிரதேசத்தின் விதியோ, மாதிரிச் சட்டத்தைப் போலவே, முன்பணத்தை ஒப்பந்தத்தில் முடிவு செய்துகொள்ள இடமளித்தாலும் அது வரம்பைத் தாண்டலாகாது என்கிறது. மூன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் இந்த வேறுபாடே பெரிது.

வரம்பு எண்ணளவில் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு முன் நடைமுறையில் இருந்த 1960 ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதை அனுமதிக்கவில்லை. அச்சட்டம் உயிரோடு இருந்த காலத்திலேயே சென்னையில் பத்து மாத முன்பணம் ஊரறிந்த வழக்கமாக வேரூன்றியது. வீடு தேடுவோர் பலர், வீடுகள் சில என்ற நிலையில், சட்டத்தை மேற்கோள் காட்டுபவருக்கு வீடு கிடைப்பதில்லை. கேட்டதைக் கொடுப்பவருக்குக் கிடைக்கிறது.

ஆயினும் அச்சட்டங்கள் பயனற்றுப் போயின என்று கூறிவிட முடியாது. ஆந்திரத்தின் கூடூரில் ஓர் உணவு விடுதி தொடர்பாக எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989 இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. சட்ட வரம்புக்கு மேற்பட்ட முன்பணத்தைக் கையில் வைத்திருக்கும் உரிமையாளர், அந்தத் தொகை நிலுவையை ஈடுசெய்யப் போதுமானதாக இருக்கும்போது, வாடகை தரவில்லை என்று கூறி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்பதே அதன் சாரம். கேட்பாரற்றுக் கிடந்ததாகத் தோன்றிய வரம்பு, வழக்கு மன்றத்தில் ஒரு குடியிருப்பின் உரிமையைக் காத்தது.

பத்து மாதத்தின் உண்மையான விலை

முன்பணம் முழுமையாகத் திரும்பி வந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. மாத வாடகை 15,000 ரூபாய் என்று கொள்வோம். பத்து மாத முன்பணம் 1,50,000 ரூபாய். அத்தொகை வைப்புக் கணக்கில் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி ஈட்டும் என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு 9,000 ரூபாய், மாதத்திற்கு 750 ரூபாய் கைவிட்டுப் போகிறது. அதாவது, உண்மையான வாடகை 15,750 ரூபாய். முன்பணம் மூன்று மாதமாக இருந்தால் இந்த இழப்பு மாதத்திற்கு 225 ரூபாய். இரண்டு மாதமாக இருந்தால் 150 ரூபாய்.

சேமிப்பு இல்லாமல் கடன் வாங்கி முன்பணம் கொடுப்பவர் நிலை இன்னும் கடினமானது. 12 விழுக்காடு வட்டியில் அதே 1,50,000 ரூபாயைக் கடனாகப் பெற்றால், தொடக்கத்தில் வட்டி மட்டுமே மாதத்திற்கு 1,500 ரூபாய். முதல் வேலைக்கு வந்த இளைஞரோ, நகரத்திற்குப் புதிதாகக் குடிபெயர்ந்த குடும்பமோ முதல் ஊதியம் கைக்கு வரும் முன்பே கடனாளியாவது இவ்வாறுதான். வாடகையில் ஐந்நூறு ரூபாயைக் குறைக்க அரும்பாடுபட்டுப் பேரம் பேசும் நாம், முன்பணத்தில் பேரம் பேசுவதே இல்லை. முன்பணத்தை ஐந்து மாதம் குறைத்தால் கிடைக்கும் பயனையும் இந்தக் கணக்கின் வழியே அளந்து பார்க்கலாம்.

உரிமையாளரின் அச்சம்

இவ்விதழின் வாசகர்களில் வீட்டு உரிமையாளர்களும் பலர் இருப்பர். ஓய்வூதியத்தோடு மாடிப் பகுதியின் வாடகையையும் நம்பி வாழும் மூத்த குடிமக்கள் அவர்களுள் அடங்குவர். பல மாதங்கள் வாடகை தராமல், மின்கட்டணத்தையும் பாக்கி வைத்து, காலி செய்யவும் மறுக்கும் ஒருவரை எதிர்கொண்டவருக்கு இரண்டு மாத முன்பணம் எம்மட்டில் போதும்? நீதிமன்ற வழக்குகள் நீளும் என்ற அச்சமே பத்து மாத வழக்கத்தின் வேர் என்று சொன்னால் அது மிகையாகாது.

மாதிரிச் சட்டம் இந்த அச்சத்தையும் கருத்தில் கொண்டே எழுதப்பட்டது. தொடர்ந்து இரண்டு மாத வாடகையும் பிற கட்டணங்களும் நிலுவையில் இருப்பது வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களுள் ஒன்று. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் காலி செய்யாதவர், முதல் இரண்டு மாதங்களுக்கு வாடகையைப்போல் இரு மடங்கும் அதன்பின் நான்கு மடங்கும் செலுத்த வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் வாடகை அதிகாரியாக இருப்பார். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும், மாவட்ட நீதிபதி நிலையில் வாடகைத் தீர்ப்பாயமும் அமையும். இந்த மன்றங்கள் வழக்குகளை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் எதிர்பார்ப்பு. தீர்வு விரைந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றும்போதுதான், குறைந்த முன்பணத்தில் வீடு தர உரிமையாளர்கள் முன்வருவர்.

எதைக் கழிக்கலாம்?

முன்பணத் தகராறுகளில் பெரும்பாலானவை எவ்வளவு கொடுத்தோம் என்பதில் எழுவதில்லை. எவ்வளவு கழித்தார்கள் என்பதில்தான் எழுகின்றன. மாதிரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பராமரிப்புப் பொறுப்புகளை இரண்டாகப் பிரித்துள்ளது. கட்டட அமைப்பில் ஏற்படும் பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களையும் மின்கம்பி இணைப்புகளையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. தண்ணீர்க் குழாய்த் திருகுகளை மாற்றுதல், சாக்கடை அடைப்பை நீக்குதல், மின்விசைப் பொத்தான்கள், கழிவறை, கைகழுவும் தொட்டி, வெந்நீர்க் கொதிகலன் ஆகியவற்றைப் பழுதுபார்த்தல், உடைந்த கண்ணாடிகளையும் பூட்டுகளையும் மாற்றுதல் ஆகியவை குடியிருப்பவரின் பொறுப்பு.

நாள்பட்ட பயன்பாட்டால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்திற்குக் குடியிருப்பவர் பொறுப்பாகமாட்டார். மூன்று ஆண்டுகளில் மங்கிய சுவர் தேய்மானம். ஆணியடித்துப் பெயர்ந்த சுவர் சேதம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதித் தகராறுகள் தீர்ந்துவிடும். ஆனால் இங்கும் ஒப்பந்தத்திற்கு வேறாக வகுத்துக்கொள்ளும் இடம் உண்டு. 'காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்' என்ற வரி அச்சிட்ட ஒப்பந்தப் படிவங்களில் இடம்பெறுவது இதனால்தான். என்னிடம் ஒரு மாத வாடகையைக் கழித்ததும் அத்தகைய வரியே.

பணம் எங்கே இருக்கிறது?

செருமனியில் குடியிருப்பு முன்பணத்தின் வரம்பு மூன்று மாத வாடகை. அதனை மூன்று மாதத் தவணைகளில் செலுத்தவும் உரிமை உண்டு. அதோடு, உரிமையாளர் அத்தொகையைத் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனியே வைக்க வேண்டும். அதன் வட்டி குடியிருப்பவரைச் சேரும். இங்கிலாந்தில் முன்பணத்தை அரசு ஏற்பு பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிந்து வைத்தாக வேண்டும். நம் மாதிரிச் சட்டம் அளவுக்கு எல்லை வகுத்ததேயன்றி, அப்பணம் எங்கே இருக்க வேண்டும் என்று கூறவில்லை. ஆகவே நாம் கொடுக்கும் முன்பணம் உரிமையாளரின் மகளின் திருமணத்திற்கோ, முன்பு குடியிருந்தவருக்குத் திருப்பித் தரவோ செலவாகிவிடலாம். அடுத்தவர் வந்து முன்பணம் தந்தால்தான் நமக்குத் திரும்பும் என்ற பதிலை நம்மில் பலர் கேட்டிருப்போம்.

வீட்டின் மீது கடன் இருப்பின் இன்னொரு ஆபத்தும் உண்டு. உரிமையாளர் தவணை தவறினால், 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ்க் கடன் தந்த வங்கி வீட்டைக் கையகப்படுத்த இயலும். உண்மையான வாடகைதாரர் தம் உரிமையைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் எடுத்துரைக்க 2016 ஆம் ஆண்டின் திருத்தம் வழிவகுத்தது. எழுத்துவடிவ ஒப்பந்தமும் வங்கி வழியே வாடகை செலுத்திய சான்றும் இல்லாதவருக்கு அவ்வழியும் எளிதன்று. எனவே, வீட்டுக் கடன் இருக்கிறதா, இருப்பின் வாடகைக்கு விட வங்கியின் ஒப்புதல் பெறப்பட்டதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

முன்பணத்தை வங்கிப் பரிமாற்றமாகவோ காசோலையாகவோ கொடுங்கள்; குறிப்பில் 'வீட்டு முன்பணம்' என்று எழுதுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 இலட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் முன்பணத்தின் அளவு, திருப்பித் தரும் நாள், கழிக்கத்தக்க செலவுகள், அச்செலவுகளுக்கு ரசீது காட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஆகிய நான்கும் தனித்தனி வரிகளாக இடம்பெறட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால் பதினொரு மாத ஒப்பந்தங்கள் பெருகின. ஆனால் புதிய வாடகைச் சட்டங்கள் உள்ள மாநிலங்களில், காலம் எவ்வளவு குறுகியதாயினும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் தெரிவித்துப் பதிந்துகொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

குடிபுகும் நாளில் அறை அறையாக ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மின்விசிறிகள் எத்தனை, எந்தச் சுவரில் ஈரக்கசிவு, எந்தக் குழாயில் ஒழுக்கு, மின்மானியின் அளவு என்ன என்பவற்றைக் குறித்து, படங்களும் எடுத்து வையுங்கள். காலி செய்யும் நாளில் அதே பட்டியலைக் கையில் கொண்டு இருவரும் வீட்டைச் சுற்றி வாருங்கள். இடையில் வீடு விற்கப்பட்டால், முன்பணத்திற்குத் தாம் பொறுப்பு என்று புதிய உரிமையாளரிடமிருந்து எழுத்தில் பெறுங்கள்.

முன்பணம் திரும்பாதோ என்ற ஐயத்தில், கடைசி மாதங்களின் வாடகையைக் கொடுக்காமல் 'கழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவது பரவலான வழக்கம். உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதில் தவறில்லை. ஒப்புதலின்றிச் செய்தால் அது வாடகை நிலுவையாகக் கருதப்பட்டு உங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும். பணம் வரும் வரை வீட்டை விடமாட்டேன் என்பதும் ஆபத்தே; காலம் கடந்து தங்குவோருக்கான மடங்கு வாடகை முன்பணத்தையே விழுங்கிவிடும். காலி செய்ததற்கான எழுத்துச் சான்றைப் பெற்றுக்கொண்டு, முதலில் கடிதம், பின்னர் வழக்கறிஞர் அறிவிப்பு, அதன்பின் வாடகை அதிகாரி அல்லது உரிமையியல் நீதிமன்றம் என்ற வரிசையில் செல்வதே முறை. பண மீட்பு வழக்கிற்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கால வரம்பு உண்டு என்பதையும் மறக்கலாகாது.

பெங்களூருக்குப் பின் இன்னொரு ஊரிலும் வாடகை வீடு பார்த்தேன். ஒப்பந்தப் படிவத்தை வாங்கி வந்து ஓர் இரவு முழுதும் வைத்திருந்து படித்தேன். வெள்ளையடிக்கும் வரியை நீக்க முடியுமா என்று மறுநாள் கேட்டேன். உரிமையாளரான முதியவர் சற்று யோசித்துவிட்டு, அந்த வரியைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டார். "இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார்.